வலது பக்கத்திலிருந்து வந்த பந்து

என் கணவரும் என் அண்ணனும் முப்பத்தொரு வருடம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சொத்துத் தகராறு என்றால் ஊருக்குப் புரிந்திருக்கும். இவர்களுக்கு நடுவில் கிடந்தது ஒரு பந்து. அந்தப் பந்தைப் பற்றி முழுவதும் தெரிந்தவள் நான். நானும் வாயைத் திறக்கவில்லை. என் கணவர் போய் ஒரு வருடம் ஆகிறது. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இருவரும் இரும்புத் தொட்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். அண்ணனுக்குத் தொட்டிக்குள் வேலை. பற்றவைத்த இடங்களில் கெட்டிப்பட்டுக் கிடக்கும் கசடைக் காற்று உளியால் செதுக்கி எடுக்க வேண்டும். மூடிய இரும்புக்குள் அந்த உளி போடும் சத்தத்தில் வெளியே நிற்பவர்களுக்கே பல் கூசும். உள்ளே இருப்பவனைக் கூப்பிட்டுப் பயனில்லை. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆளை நகரச் சொல்ல வேண்டுமென்றால் பின்னால் போய் உள்ளங்கையால் முதுகில் இரண்டு தட்டு. தட்டியது யார், எதற்கு என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலில் விலகு, பிறகு கேள். தலைக்கு மேல் எது தொங்கிக்கொண்டு வருகிறதோ, யார் கண்டார்கள்.

என் கணவர் அதே தொழிற்சாலையின் ஸ்டோரில் இருந்தார். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். ஒரு போல்ட் வாங்க வந்தவனுடைய சீட்டைக்கூட மேலிருந்து கீழ்வரை படிப்பார். எங்கள் கல்யாணப் பதிவேட்டையும் அப்படித்தான் படித்தார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாலையானால் இரண்டு பேரும் தொழிற்சாலையின் கால்பந்து அணிக்கு ஆடுவார்கள். அவர் கோல்கீப்பர். பந்து கையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவருக்குப் 'பசை' என்று பெயர். அவருக்கு முன்னால் நிற்கும் ஸ்டாப்பர் என் அண்ணன். அவனைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியாது என்று அவனைக் 'கதவு' என்பார்கள். அண்ணன்தான் இவரை வீட்டுக்குக் கூட்டி வந்து, "பாப்பா, இவன் பந்தைக் கீழ போடமாட்டான், உன்னையும் போடமாட்டான்" என்று சொல்லி எனக்குக் கட்டி வைத்தான். என் கல்யாணத்துக்கு அதைவிட நீளமான பேச்சுவார்த்தை எதுவும் நடந்ததாக நினைவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பு நடந்தது இன்னொன்று. ஒரு மதியம் அண்ணன் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். வலது காது சுத்தமாகப் போய்விட்டது என்றான். உளியை வலது தோளில் அணைத்துப் பிடித்தே வேலை செய்பவன், அந்தப் பக்கத்துக் காது முதலில் போய்விட்டது. அடுத்த வாரம் தொழிற்சாலை டாக்டரின் சோதனை. தேறாவிட்டால் வெளியே முற்றத்தைக் கூட்ட அனுப்பிவிடுவார்கள், அணியிலிருந்தும் பெயரை எடுத்துவிடுவார்கள். டாக்டர் பின்னால் நின்றுகொண்டு ஒரு காதைப் பொத்தச் சொல்லி எண்களைக் கிசுகிசுப்பாராம். நான் பின்னால் நின்று கிசுகிசுத்தேன். இடது காதைப் பொத்துவதுபோல் காட்டி, இரண்டு விரலுக்கு நடுவில் மயிரிழை சந்து விட்டு, அதன் வழியாகக் கேட்க அவன் பழகினான். ஒரு வாரம் அந்தச் சமையலறையில் நாங்கள் சமைத்ததைவிட எண்ணியதுதான் அதிகம். தேறிவிட்டான்.

"யாருக்கும் சொல்லக் கூடாது பாப்பா. நாளைக்கு உனக்குப் புருஷன்னு ஒருத்தன் வருவான். அவனுக்கும்."

சரி என்றேன். வரப்போகிறவர் அவனுக்குப் பின்னாலேயே நிற்பவர் என்று அன்றைக்குத் தெரியாது.

அதன் பிறகு நாலு வருடம் அண்ணன் காதால் ஆடவில்லை, கழுத்தால் ஆடினான். பந்து எங்கே இருந்தாலும் நொடிக்கொரு தடவை திரும்பி கோல்கீப்பரைப் பார்த்துக்கொள்வான். எல்லோரும் அதை அவனுடைய நேர்த்தி என்று நினைத்தார்கள். தெருவில் நடக்கும்போதும் எப்போதும் வலது ஓரமாகவே போவான், கூட வருபவர் இடது காதுப் பக்கம் இருப்பதற்காக. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

நாலாவது வருடம் ஒரு கோப்பைக்கான இறுதி ஆட்டத்தன்று நான் எங்கள் கோலுக்குப் பின்னால், மடியில் ஒரு வயதுப் பையனோடு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடிய சில நிமிடங்கள்தான் இருந்தன. எங்கள் வலது பக்கத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. அந்தப் பக்கம் பார்த்து நிற்கும் ஸ்டாப்பருக்கு வலது காதுதான் கோல் பக்கம் இருக்கும். என் கணவர் வெளியே ஓடி வந்துகொண்டே, "என் பந்து, என் பந்து, என் பந்து" என்று மூன்று தடவை கத்தினார். மடியில் இருந்த குழந்தை திடுக்கிட்டு அழுதது. அண்ணன் திரும்பிப் பார்க்க முயன்றான், எதிரணிக்காரன் ஒருவன் அவன் சட்டையைப் பிடித்திருந்தான். அண்ணன் எம்பித் தலையால் முட்டினான். பந்து என் கணவரின் தலைக்கு மேலாகப் போய் எங்கள் வலைக்குள்ளேயே விழுந்தது. தோற்றோம்.

உடை மாற்றும் அறையில் நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். மூன்று தடவை கத்தினேனே என்று இவர் கேட்டிருக்கிறார். அண்ணனால் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ஏன் கேட்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும், சோதனை செய்த தொழிற்சாலை டாக்டரே பக்கத்தில் நிற்கிறார். ஆகவே, "நீ கூப்பிடவே இல்ல. பயந்து வாயடைச்சு நின்னே" என்று பதினைந்து பேருக்கு முன்னால் சொல்லிவிட்டான். என் கணவரைத் தோற்றவர் என்று சொல்லலாம், தாங்கிக்கொள்வார். பொய்யர் என்றும் கோழை என்றும் ஒரே மூச்சில் சொன்னதை அவர் கடைசிவரை தாங்கிக்கொள்ளவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீ பின்னாலதானே இருந்தே. நான் கூப்பிட்டேனா, இல்லையா?"

"கூப்பிட்டீங்க."

"அப்புறம் ஏன் உங்க அண்ணன் அப்படிச் சொல்றான்?"

நான் குழந்தைக்குச் சட்டை மாற்றப் போய்விட்டேன்.

அடுத்த வருடம் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அண்ணன் பஸ் ஓட்டப் போய்விட்டான், அங்கேயும் வருடா வருடம் காதுச் சோதனை, அங்கேயும் இரண்டு விரலுக்கு நடுவில் சந்து. அவன் ஓய்வு பெற்றபோது சொல்லியிருக்கலாம். அதற்குள் இத்தனை காலம் நீ ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி என் பக்கம் திரும்பிவிட்டது. முதலில் அண்ணனுக்காக மறைத்தேன். பிறகு எனக்காக மறைத்தேன்.

போக்குவரவு நிற்கவில்லை. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் இரண்டு பேரும் வருவார்கள், ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். நடுவில் நான். "பாப்பா, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பான் அண்ணன். உப்பு என் கணவரின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். "உப்பு ஏற்கனவே போட்டிருக்குன்னு சொல்லு" என்பார் இவர், என்னைப் பார்த்து. என் மகன் பேசப் பழகிய காலத்தில், மாமாவும் அப்பாவும் வேறு வேறு பாஷைக்காரர்கள், அம்மாதான் இரண்டும் தெரிந்தவள் என்று நினைத்திருந்தானாம்.

அப்படியிருக்கும்போதுதான் 'ரயில்' எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தக் காலத்தில் அணியின் இடது ஓரத்தில் பறந்தவர். இரண்டு முழங்கால் மூட்டையும் மாற்றிக்கொண்டு இப்போது கூட்ஸ் வண்டியாகிவிட்டார், அவரே சொல்லிக்கொள்வது. அறுபது வயது தாண்டிய பழைய ஆட்டக்காரர்களுக்காக வெளிநாட்டில் ஒரு போட்டி, ஒன்பது நாடுகளிலிருந்து பன்னிரண்டு அணிகள், நம் தொழிற்சாலை அணியும் போகிறது என்றார். என் கணவர்தான் கேப்டன். என் கணவர் ஆட்களின் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். அண்ணன் பெயர் இருந்தது.

"கதவு இல்லாம பசையை மட்டும் வச்சு நான் என்னத்தை ஒட்டறது?" என்றார் ரயில். என் கணவர் பட்டியலை மடித்துக் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பள்ளி நூலகத்தில் முப்பது வருடம் அட்டை எழுதியவள் என்பதால் அணியின் எழுத்து வேலைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். விமானத்தில் ரயில் செய்த சதியால் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. நடுவில் வந்து உட்காரச் சொல்லி இருவருமே என்னைக் கூப்பிட்டார்கள். ஆறு மணி நேரம் ஜன்னல் மூடியைத் தூக்கச் சொல்லியும் இறக்கச் சொல்லியும் தூது போய்க்கொண்டிருந்தேன்.

அந்தப் போட்டியைப் பார்த்தவர்கள் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது. மைதானம் முழுக்க வலித்தைல வாடை. சாப்பாட்டுக்கு நின்ற வரிசையைவிடக் கால் பிடித்துவிடுபவர் முன்னால் நின்ற வரிசை நீளம். ஒரு பாதிக்கு இருபத்தைந்து நிமிடம், களைத்தவர் வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் உள்ளே போகலாம். நடுவருக்கே அறுபத்தாறு வயது. ஆனால் கொடி பிடித்து வரிசையாக நடந்தபோது அத்தனை பேரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தார்கள். பல வருடம் முன்பு எங்கோ ஒருவரையொருவர் உதைத்துக்கொண்டவர்கள், பாஷை தெரியாமலே கணுக்காலைத் தூக்கிப் பழைய தழும்பைக் காட்டி, நீதான் என்று விரலை நீட்டிக் கட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு எங்கள் ஆட்கள் இருவரும் இரண்டு கோடியில் நின்றார்கள்.

முதல் நாள் காலை பதிவு. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் நாலு பக்கப் படிவம். உடம்பில் என்ன குறை, எந்த வருடத்திலிருந்து, என்ன காரணம் என்று கட்டம் கட்டிக் கேட்டிருந்தார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முழங்கால் என்று எழுதி எழுதி என் விரல் வலித்தது. ரயிலுக்கு இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். கடைசியாக அண்ணன் வந்தான். அஞ்சு வருடமாக அவன் காதுக் கருவி போட்டிருந்தான். வயதானால் வருவதுதானே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆட்டத்தின்போது அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது போட்டி விதி. அதனால் எழுதாமல் விட முடியாது.

அவன் இடது காதருகே குனிந்து, "வலது காது, எந்த வருஷம்னு எழுதட்டும்?" என்று கேட்டேன்.

அவன் மேசையின் மறுகோடியைப் பார்த்தான். அங்கே என் கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாப் படிவத்திலும் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும். அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். இது எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

"உனக்குத் தெரியாததா? உன் இஷ்டம் பாப்பா" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போய்விட்டான்.

ஐந்து வருடம் முந்தைய வருடத்தை எழுதியிருந்தால் அத்தோடு போயிருக்கும். நான் உண்மையான வருடத்தை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'தொட்டி வேலை' என்று எழுதினேன். படிவக் கட்டில் அதை நடுவில் செருகாமல் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் படித்தார். விரல் வருடத்தின் மேல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"இந்த வருஷம் சரியா?"

"சரி."

"அந்த மேட்ச்சுக்கு முன்னால."

"நாலு வருஷம் முன்னால."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

கையெழுத்துப் போட்டார். மீதிப் படிவங்களையும் ஒவ்வொன்றாகப் படித்துப் போட்டார். எழுந்திருக்கும்போதுதான் சொன்னார். "கூப்பிட்டீங்கன்னு சொன்னே. அது உண்மைதான். அந்தப் பாதியை மட்டும் குடுத்துட்டு மீதியை நீயே வச்சுக்கிட்டே."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அண்ணனோடும் பேசவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்க யாரும் இல்லை. முப்பத்தொரு வருடத்து மௌனத்தை உடைக்கப் போய் அதை இரண்டாக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேரையும் சேர்த்து இழந்துவிட்டு ஊர் திரும்பப் போகிறேனோ என்று பயமாக இருந்தது.

முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினோம். அண்ணனுக்கு இப்போது கழுத்தும் திரும்புவதில்லை, எலும்புத் தேய்மானம். கருவியையும் கழற்றியாயிற்று. பின்னால் என்ன நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. என் கணவர் அன்றைக்கு ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கோல் கம்பத்தருகே நின்று அண்ணனுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆட்டத்தில் எப்படியோ ஒரு கோலில் ஜெயித்தோம். மூன்றாவதில் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது ஆட்டத்துக்கு நான் பழையபடி கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று தோன்றியது, காரணம் சொல்லத் தெரியவில்லை. ஆட்டம் முடியும் நேரம்வரை இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. எங்கள் வலது பக்கம். நான் கையைக் கோத்துக்கொண்டேன்.

அண்ணன் அந்தப் பக்கம் பார்த்து நின்றான், வலது காது கோலை நோக்கி இருந்தது. பந்து கிளம்பி உயரமாக வந்தது, மெதுவாக. அறுபது வயதுக்காரர் அடித்த பந்து, அதற்கும் மூச்சு வாங்கியது. அண்ணன் முழங்காலை மடித்து எம்பத் தயாரானான். என் கணவர் வெளியே ஓடி வந்தார். வாயைத் திறக்கவில்லை. வந்து உள்ளங்கையால் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தையும் பார்க்கவில்லை. தொட்டிக்குள் எப்படி விலகுவானோ அப்படித் தலையைத் தாழ்த்தி ஓர் அடி நகர்ந்து வழிவிட்டான். என் கணவர் கையை உயர்த்தினார். பந்து இரண்டு கைக்குள்ளும் வந்தது. வந்து, நழுவி, அவர் மார்பில் பட்டு, தோளில் உருண்டு, பின்னால் வலைக்குள் போய் விழுந்தது.

எதிரணிக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என் கணவர் மல்லாந்து கிடந்தார். அண்ணன் மேலே நின்று, கையை இடுப்பில் வைத்து அவரைப் பார்த்தான்.

"பசை காஞ்சுபோச்சு மாப்பிள்ளை."

முப்பத்தொரு வருடத்தில் அவன் இவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இவர் படுத்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராமல் வயிறு மட்டும் குலுங்கியது. அண்ணன் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தான், முழங்கால் ஒத்துழைக்காமல் அவனும் புல்லில் உட்கார்ந்துவிட்டான். நடுவர் ஓடி வந்து, யாருக்கு அடி என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாப்பா," என்று அண்ணன் வலைக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்துக் கத்தினான். "அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்புன்னு சொல்லு."

"அவகிட்ட ஏன் சொல்றே?" என்றார் என் கணவர். பிறகு கேட்டிருக்காதே என்று நினைவு வந்து, அவனைச் சுற்றித் தவழ்ந்து இடது பக்கம் போய், அந்தக் காதில் சொன்னார். "என்கிட்டயே சொல்லு."

அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.

தோற்றவர்களின் பேருந்தில் இரண்டு பேரும் முன்னால் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அண்ணன் வலது பக்கம், இவர் இடது பக்கம். நான் பின் இருக்கையில் இருந்தேன். எங்களுக்கு நடுவில் இன்னும் முடியவில்லையே என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் இவர் திரும்பினார். "நீ அந்தப் படிவத்தை மேல வச்சுதானே குடுத்தே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். சற்று நேரம் கழித்துத் தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினார். அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்ப்பவள் அவரோடு குடித்தனம் செய்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு நாலு வருடம் கிடைத்தது. தினமும் மாலையில் இரண்டு பேரும் நடக்கப் போவார்கள். பேசாமல் விட்டதையெல்லாம் பேசித் தீர்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அந்தக் கார்னரைப் பற்றித்தான் சண்டை. தட்டியது ஒரு கணம் பிந்திவிட்டது என்பான் அண்ணன், நீ நகர்ந்ததில் வெயில் கண்ணில் பட்டுவிட்டது என்பார் இவர். சாப்பாட்டு மேசையில் எனக்கு வேலை போய்விட்டது. உப்பு நேராகவே போய் வந்தது.

போன வருடம் என் கணவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஒரு காலையில், ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்று செவிலி சொன்னாள். அண்ணன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தான். நான் இரண்டு முறை கூப்பிட்டேன். பிறகு அவன் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். திரும்பிப் பார்க்காமல் தலையைத் தாழ்த்தி ஓர் அடி நகர்ந்து வழிவிட்டான்.

கட்டிலில் இவர் விழித்திருந்தார். அதைப் பார்த்துவிட்டார்.

"நீ சரியான நேரத்துல தட்டறே" என்றார் என்னிடம். "அந்தக் கார்னருக்கு உன்னைக் கோல்ல நிறுத்தியிருக்கணும்."

அண்ணனுக்கு அது கேட்கவில்லை. நான் திரும்பிப் போய் அவன் இடது காதில் அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தையும் விடாமல்.